இங்கிலாந்தில் ஒரு சாப்பாட்டு விடுதியைக் 'கிரிக்கெட்டின் தொட்டில்' என்கிறார்களே, ஏன்?

ஹாம்ப்ஷயர் மாவட்டம், ஹேம்பிள்டன் கிராமத்துக்குப் பக்கத்தில் 'பேட் அண்ட் பால்' என்று ஒரு விடுதி இருக்கிறது. வாசலில் நின்றால் சாலைக்கு அந்தப் பக்கம் பிராட்ஹாஃப்பென்னி டவுன் மைதானம், ஒரு நினைவுக்கல். உள்ளே சுவரெல்லாம் பழைய மட்டைகளும் படங்களும்.

தொட்டில் என்றால் ஆட்டம் வளர்ந்த இடம் என்று அர்த்தம். 1760, 70களில் இந்த விடுதியை நடத்திய ரிச்சர்ட் நைரன்தான் ஹேம்பிள்டன் அணிக்குத் தலைவர், மைதானத்தைப் பார்த்துக்கொண்டவரும் அவரே. அதனால் விடுதியே சங்க அலுவலகம் மாதிரி. நம் ஊரில் திடலை ஒட்டிய டீக்கடையில் உட்கார்ந்து அடுத்த மேட்சுக்கு ஆள் எடுப்பார்களே, அப்படித்தான். ஆனால் இந்த அணி 1777இல் இங்கிலாந்து அணியையே ஒரு இன்னிங்ஸ், 168 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது! சில விதிகளும் இவர்கள் ஆடிய ஆட்டங்களிலிருந்து பிறந்தன. 1771இல் எதிரணிக்காரர் ஒருவர் ஸ்டம்புகளை மறைக்கும் அகலத்தில் மட்டை கொண்டுவர, இவர்கள் எதிர்த்து எழுதிக் கையெழுத்திட்டார்கள், அப்போது வந்த 4¼ அங்குல வரம்பு இன்றைக்கும் மாறவில்லை. அன்று ஸ்டம்பு இரண்டுதான். 1775இல் ஹேம்பிள்டனின் ஜான் ஸ்மாலுக்கு லம்பி ஸ்டீவன்ஸ் போட்ட பந்து மூன்று முறை நடுவில் புகுந்து போயும் அவுட் இல்லை, அப்புறம்தான் மூன்றாவது ஸ்டம்பு வந்தது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிடுவது தனி அனுபவம்.

கிரிக்கெட் இங்கேதான் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை: 1598ஆம் ஆண்டு கில்ட்ஃபோர்டு நீதிமன்றப் பதிவிலேயே இந்த ஆட்டம் வருகிறது.