உடம்புக்குள் வைத்த நீல நிற பிளேட்டின் பெயிண்ட் உரிந்துவிடுமா?

ஆபரேஷனுக்கு முன் டாக்டர் காட்டிய டைட்டானியம் பிளேட் நீலமாக இருந்ததாம், அந்தப் பெயிண்ட் உள்ளே உரியாதா என்று கேட்கிறீர்கள். வீட்டில் யாருக்கோ எலும்பு முறிந்து, தூக்கம் வராமல் கேட்டிருப்பீர்கள், புரிகிறது. ஆனாலும் 'பெயிண்ட்' என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அந்த நிறம் ஏற்றும் வேலையில் 11 வருடம் இருந்தவன் நான்.

அதில் சாயமே கிடையாது. பிளேட்டைக் கரைசல் தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் கொடுப்போம். அனோடைசிங் என்பது இதுதான். டைட்டானியத்தின் மேல் எப்போதுமே இருக்கும் ஆக்ஸைடு படலம், அதாவது ஆக்சிஜனோடு சேர்ந்து உலோகம் போட்டுக்கொள்ளும் மெல்லிய தோல், கொஞ்சம் தடிக்கும். மெல்லிய படலத்தில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் சோப்புக் குமிழியில் நிறம் தெரிகிறதே, அதே கதை. வோல்ட் ஏற ஏற பழுப்பு, ஊதா, நீலம் என்று கண் முன்னாலேயே மாறும். 30 வோல்ட்டை ஒட்டி நல்ல நீலம் வரும். அப்போதும் படலம் தலைமுடித் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

சேர்ந்த புதிதில் மூக்கு அரித்தது என்று கையுறையைக் கழற்றினேன். அதே கையோடு கழுவி வைத்த பிளேட் ஒன்றைத் தொட்டுவிட்டேன். துணியால் துடைத்தும் விட்டேன், பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் விரலின் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை; தொட்டியிலிருந்து எடுத்தால் நீலத்துக்கு நடுவில் என் கட்டைவிரல் ரேகை, வரி வரியாக! சூப்பர்வைசர் அதை நூலில் கட்டி வாசலில் தொங்கவிட்டார். ஒரு மாதம் அதைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே போனேன்.

திருகாணி உரசும் இடத்தில் நிறம் போகலாம். அங்கே டைட்டானியம் தானாகவே உடனே மெல்லிய படலம் போட்டுக்கொள்ளும். நான் டாக்டர் இல்லை, 'இவன் யார் சொல்ல' என்று யாரும் வரவேண்டாம்; வலி, வீக்கம் என்றால் அவரிடம்தான் போக வேண்டும். பட்டறைப் பக்கம் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

தங்க நிறம்தான் உசத்தி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வோல்ட்டைக் கூட்டினால் தங்க நிறம், அவ்வளவுதான். திருகாணியின் அளவு சட்டென்று தெரியவும் நிறம் பிரிப்பார்கள், அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

அப்புறம் இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இத்தனை நுணுக்கமான வேலை செய்தும் கடைசி மாதம் வரை என் சம்பளச் சீட்டில் 'ஹெல்பர்' என்றுதான் போட்டிருந்தார்கள்.