பத்து நாள் குழந்தைக்கு வைட்டமின் ஏ சொட்டு வேண்டாம்

வணக்கம் சகோதரி. ஊரிலிருந்து மாமியார் கொண்டுவந்த வைட்டமின் ஏ சொட்டைக் குழந்தைக்குக் கொடுக்கவா, நீங்கள் குடிக்கவா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே வேண்டாம். பிறந்த குழந்தைக்கும், பிரசவித்த தாய்க்கும் இதைப் பரிந்துரைப்பதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2011-லேயே சொல்லிவிட்டது. குறைபாடு பரவலான நாடுகளில்கூட 6 மாதத்திற்குப் பிறகுதான் தருகிறார்கள். அளவு மிஞ்சினால் உச்சிக்குழி புடைக்கும், வாந்தி வரும். பினாங்கு மருத்துவமனையில் பிறந்தவுடன் போட்டது வைட்டமின் கே ஊசி. அது ரத்தக்கசிவைத் தடுக்க, இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சீம்பாலிலேயே வைட்டமின் ஏ நிறைய உண்டு, தாய்ப்பாலை மட்டும் விடாதீர்கள். பத்தியத்திலும் முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை சாப்பிடுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் புட்டியோடு இன்றே கிளினிக் போய் மிஸியிடம் (தாதியிடம்) காட்டுங்கள். குறைமாதக் குழந்தையென்றால் டாக்டர் சொல்வதை மட்டும் கேளுங்கள்.