சிரிக்க வைத்தே நாற்பதைக் கடந்தவர் காதலால் மாறுவாரா?

கேட்கப்பட்ட கேள்வி இது: நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் நிலையான வேலையோ சேமிப்போ இல்லாமல், இனிமையான பேச்சாலேயே எல்லோரையும் கவர்ந்து காலத்தை ஓட்டும் ஒருவர், எதிர்பாராமல் ஒரு காதல் வந்தால் மாறுவாரா?

நானே அப்படிப்பட்ட ஒருவன். இப்போது எனக்கு 47 வயது. காதல் வந்தபோது 44. மாறினேனா என்று கேட்டால், ஓரளவு மாறினேன் என்பேன். காதலால்தான் மாறினேனா என்று கேட்டால் தயங்குவேன். அந்தத் தயக்கத்துக்கான காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை. சொல்லவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் திறமை. யாராவது ஒரு கேள்வியோடு என்னிடம் வந்தால், அவரைச் சிரிக்க வைத்துவிடுவேன். சிரித்து முடிக்கும்போது அவருக்குத் தன் கேள்வி மறந்திருக்கும். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பதற்காக வந்த நண்பர் ஒருவர், இரண்டு மணி நேரம் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, வந்த காரணத்தைச் சொல்லாமலேயே எழுந்து, போகும் வழியில் என்னைத் தம் வண்டியில் கொண்டுபோய் இறக்கியும் விட்டார். அன்று அதை ஒரு வெற்றியாகவே நினைத்தேன்.

இருபத்தைந்து வயதில் என்னைப் பார்த்தவர்கள், "இவன் எங்கேயோ போகப்போகிறான்" என்றார்கள். நாற்பதில் பார்த்தவர்கள், "இவன் கூட இருந்தால் நேரம் போவதே தெரியாது" என்றார்கள். இரண்டையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். முதலாவதில் இருந்த எதிர்காலம் இரண்டாவதில் இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. மடியின்மை அதிகாரத்தில் வள்ளுவர், காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், தூக்கம் ஆகிய நான்கையும், கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலம் என்று சொல்கிறார். நோய் என்றோ பாவம் என்றோ சொல்லாமல் மரக்கலம் என்று சொன்னதில் எத்தனை நுட்பம் இருக்கிறது என்பது அதில் பயணம் செய்தவனுக்குத்தான் தெரியும். அவ்வளவு சுகமான பயணம் அது. கடன் கொடுத்தவர்களையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டு போகலாம்.

இந்தக் குணத்துக்கு மேலை நாட்டில் ஒரு பெயரும் உண்டு. டான் கைலி என்னும் அமெரிக்க உளவியலாளர் 1983-இல் எழுதிய நூலின் வழியாக, வளரவே விரும்பாத கதைச் சிறுவனின் பெயரால் 'பீட்டர் பான் சிண்ட்ரோம்' என்ற சொல் பரவியது. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் நோய்ப் பட்டியல்களில் அது இடம்பெற்றதில்லை. முப்பத்தெட்டு வயதில் அந்தச் சொல்லைத் தெரிந்துகொண்டு, ஏதோ பட்டம் வாங்கியவன் போல இரண்டு ஆண்டுகள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெயர் கிடைத்துவிட்டால் வேலை முடிந்துவிட்டது போன்ற ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. அதில் எச்சரிக்கையாக இருங்கள்.

இனி காதலுக்கு வருகிறேன். அது தொடங்கியது அம்மாவின் காதில்.

அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தேன். வீட்டுச் செலவை வெளியூரிலிருந்து அக்கா பார்த்துக்கொண்டார். அம்மாவை நான் பார்த்துக்கொள்வதாக ஓர் ஏற்பாடு. அம்மா தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவதாக அக்கம்பக்கத்தில் குறை சொன்னதால், அக்கா வற்புறுத்தி, செவித்திறன் பரிசோதனைக்கு அவரை அழைத்துச் செல்லச் சொன்னார். ஒலி புகாத சிறிய அறைக்குள் அம்மா காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து, ஒலி கேட்கும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தினார். வெளியே கணினியின் முன் உட்கார்ந்திருந்த ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறனைப் பரிசோதிக்கும் வல்லுநர், ஆடியோகிராம் என்னும் வரைபடத்தை எனக்கு விளக்கினார். 500 ஹெர்ட்ஸில் 25 டெசிபலில் இருந்த கோடு, 4000 ஹெர்ட்ஸை அடையும்போது 65 டெசிபலுக்குச் சரிந்திருந்தது; அதாவது, கீச்சென்ற ஒலிகள் அந்த அளவுக்கு உரக்க ஒலித்தால்தான் அம்மாவுக்குக் கேட்கும். முதுமையில் வரும் செவித்திறன் குறைவு பெரும்பாலும் உயர்ந்த அலைவெண்களில்தான் தொடங்கும் என்றார். பேச்சுக்குக் கனம் தரும் உயிரொலிகள் தாழ்ந்த அலைவெண்ணில் இருப்பதால் அவை கேட்டுவிடும். ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக்காட்டும் ச, ஸ, ஃப போன்ற மெல்லிய ஒலிகள் உயர்ந்த அலைவெண்ணில் இருப்பதால் தேய்ந்துபோகும். "யாரோ பேசுவது அம்மாவுக்குக் கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்பதுதான் புரியாது. பல ஆண்டுகளாக இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார்.

பல ஆண்டுகளாக நான் சொன்ன வேடிக்கைக் கதைகளுக்கெல்லாம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தவர் அம்மா. என் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்ன எனக்கு, அவர் காதில் விழவில்லை என்பதுகூடத் தெரியவில்லை.

அம்மாவுக்குக் காது கேட்கும் கருவி பொருத்தினார்கள். புதிதாகப் பொருத்தியவர்களுக்குப் பாத்திரம் வைக்கும் ஓசையும் காகிதம் மடிக்கும் ஓசையும் பெரும் இரைச்சலாகத் தெரியும் என்றும், மூளை அதற்குப் பழக வாரக்கணக்கில் ஆகும் என்றும், அதனால் நாளுக்குச் சில மணி நேரம் என்று தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்றும் ஆடியாலஜிஸ்ட் சொன்னார். எத்தனை மணி நேரம் மாட்டினார் என்பதை நாள்தோறும் எழுதிவைக்கச் சொல்லி ஒரு தாளும் கொடுத்தார். நான் அதை இழுப்பறையில் போட்டுவிட்டு, மூன்று வாரம் கழித்து அடுத்த சந்திப்புக்குக் கிளம்பும்போது, ஒரே பேனாவால் இருபத்தொரு நாளையும் பத்து நிமிடத்தில் நிரப்பினேன். உண்மை போல் இருக்க வேண்டும் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒரு மணி நேரம் குறைத்திருந்தேன்.

அவர் தாளைப் பார்த்தார். பிறகு அம்மாவின் கருவியைக் கணினியோடு இணைத்தார். இக்காலக் கருவிகள் தாம் சராசரியாக நாளுக்கு எத்தனை மணி நேரம் இயங்கின என்பதைத் தமக்குள் பதிந்துவைக்கும் என்பது எனக்குத் தெரியாது. தாளில் ஆறரை மணி நேரம். திரையில் ஒன்றே கால். அவர் எதுவும் சொல்லாமல் திரையை என் பக்கம் திருப்பினார். நான் உடனே, "என் தங்கை பிறந்திருந்தால்கூட இந்தக் கருவி அளவுக்கு என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள்" என்றேன். அவர் சிரித்தார். மரியாதைக்காகச் சிரிக்காமல், கண்ணில் நீர் வரும் அளவுக்கு மனம்விட்டுச் சிரித்தார். வழக்கமாக அந்த இடத்தில் எனக்கு விடுதலை கிடைத்துவிடும். ஆனால் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே குரலில் கேட்டார்: "சரி, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மாட்டுகிறார்கள்?"

"தெரியவில்லை" என்றேன். அந்தச் சொல்லை அதுவரை வாழ்க்கையில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஒரு முறைகூட நினைவுக்கு வரவில்லை.

அடுத்த மூன்று வாரமும் காலையில் அம்மாவின் எதிரே உட்கார்ந்து செய்தித்தாளை வாசித்தேன். பேட்டரி தீர்ந்தால் புதியதன் மேல் இருக்கும் பழுப்பு நிற ஒட்டுத்தாளை உரித்து, உள்ளே காற்றுப் புக ஒரு நிமிடம் காத்திருந்த பிறகே பொருத்த வேண்டும். அந்த ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பதற்கே எனக்குப் பயிற்சி தேவைப்பட்டது. முதல் வாரத்தின் இறுதியில் அம்மா, "இதையெல்லாமா இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய்?" என்று கேட்டார். அடுத்த சந்திப்பில் திரை ஐந்து மணி நேரம் என்று காட்டியது. அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த பெருமிதம், எந்தக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தபோதும் வந்ததில்லை.

அம்மாவின் சந்திப்புகள் எல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்து, அந்த ஆடியாலஜிஸ்டும் நானும் தற்செயலாகச் சந்தித்துப் பேசத் தொடங்கினோம். அதை விரிக்கப்போவதில்லை, காதலின் தொடக்கம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவருக்கு அப்போது 41 வயது, மணமுறிவு பெற்றவர், பதினொரு வயதில் ஒரு மகள். முதல் ஆறு மாதங்கள் நான் முழுமையாக மாறிவிட்டதாகவே நம்பினேன். அதிகாலையில் எழுந்தேன், வேலைக்கு விண்ணப்பித்தேன், சொன்ன நேரத்துக்குப் போனேன். புதிய காதல் தரும் உற்சாகத்தைக் குணமாற்றம் என்று எண்ணிக்கொள்வது எளிது. அவர் பார்க்கிறார் என்பதற்காகச் செய்தவை அவை. அரங்கம் மாறியிருந்ததே தவிர நடிகன் மாறவில்லை.

ஒரு நாள் அவர் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் பொறுப்பை ஏற்றிருந்தேன். நாற்பது நிமிடம் தாமதமாகப் போனேன். காரணம் என்று சொல்ல எதுவும் இல்லை, கிளம்பவில்லை, அவ்வளவுதான். பள்ளி வாசலில் காவலரோடு தனியாக நின்றுகொண்டிருந்த சிறுமியிடம், வழியில் ஒரு யானை என்னிடம் முகவரி விசாரித்ததாகக் கதை கட்டினேன். வீட்டுக்கு வந்து சேரும் வரை அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். கதவைத் திறந்த அவள் அம்மாவிடம் அந்த யானைக் கதையைச் சொல்லி மறுபடியும் சிரித்தாள். அவர் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன். அங்கே இருந்தது அச்சம். மகள் உள்ளே போன பிறகு, "இவள் அப்பாவும் தாமதமாக வந்துவிட்டு இவளை இப்படித்தான் சிரிக்க வைப்பார். காக்க வைப்பவர்களை உடனே மன்னிக்க இவள் பழகிக்கொண்டிருக்கிறாள்" என்றார்.

இருபது ஆண்டுகளாக எல்லோருக்கும் மகிழ்ச்சி தருவதாக நினைத்துக்கொண்டு நான் செய்துவந்த காரியம் இன்னதென்று அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்தது. அதன் பிறகு இரண்டு மாதங்கள் அவர் என்னைச் சந்திக்கவில்லை. உண்மையில் ஏதாவது மாறியது என்றால், அவர் பார்க்காத அந்த இரண்டு மாதங்களில்தான் மாறியது. யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று உட்கார்ந்து எழுதினேன். பதினேழு பெயர்கள் வந்தன. ஒவ்வொருவருக்கும் எந்த மாதம் எவ்வளவு தர முடியும் என்று எழுதி அனுப்பினேன். நகைச்சுவை எதையும் சேர்க்காமல் அனுப்ப நான்கு முறை திருத்த வேண்டியிருந்தது. பலர் மகிழ்ந்தார்கள். வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்ட அந்த நண்பர் மட்டும், "வேண்டாம். அதை அப்போதே போனதாக எழுதிவிட்டேன்" என்று பதில் அனுப்பினார். பணத்தை மட்டும் சொல்கிறாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவருக்கும் மாதாமாதம் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மனிதர்கள் இந்த வயதுக்கு மேல் மாறவே மாட்டார்கள் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. 2006-இல் உளவியலாளர் பிரெண்ட் ராபர்ட்ஸும் அவருடைய சகாக்களும், ஒரே மனிதர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்த ஆய்வுகளிலிருந்து 92 குழுக்களின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொறுப்புணர்வு இளமையோடு இறுகிவிடாமல் நடுவயதிலும் சராசரியாகக் கூடிக்கொண்டே போவது தெரிந்தது. ஆனால் என் கதைக்கு நெருக்கமானது, நேதன் ஹட்சனும் சகாக்களும் 2019-இல் வெளியிட்ட 15 வார ஆய்வு. தம் குணத்தை மாற்றிக்கொள்ள விரும்பிய மாணவர்கள் வாரந்தோறும் சிறு சிறு செயல்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். அவற்றைச் செய்து முடித்ததற்கும் குணம் நகர்ந்ததற்கும் தொடர்பு இருந்தது. செய்கிறேன் என்று ஏற்றுக்கொண்டதற்கு மட்டும் எந்தப் பலனும் இல்லை. ஏற்றுக்கொள்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பதால், அதைப் படித்தபோது என்னைப் பற்றியே எழுதியது போல் இருந்தது.

ஆகவே, நீங்கள் உங்களை மனத்தில் வைத்துக் கேட்டிருந்தாலும், நீங்கள் நேசிக்கும் ஒருவரை மனத்தில் வைத்துக் கேட்டிருந்தாலும், காதல் எவ்வளவு ஆழமானது என்று அளந்துகொண்டிருப்பதால் பயனில்லை. அவர் சொல்வதற்கு நன்றாகச் சிரியுங்கள், அதில் தவறில்லை. சிரித்து முடித்த பிறகு கேட்ட கேள்வியை மறுபடியும் கேளுங்கள். இரண்டாம் முறையும் ஒரு வேடிக்கையே பதிலாக வந்தால், பல ஆண்டுகள் அப்படித்தான் வரும். எரிச்சலோ தடுமாற்றமோ வந்தால் எனக்கு நம்பிக்கை உண்டு. அவரை மாற்றும் பொறுப்பு உங்களுடையது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்; நான் நேசித்தவர் எனக்கு ஆசிரியராகவோ அம்மாவாகவோ இருக்க மறுத்தார், அது எனக்குச் செய்த பெரிய உதவி.

இப்போது ஒரு பயிற்சி நிறுவனத்தில் பேச்சுப் பயிற்சி அளிக்கும் முழுநேர வேலையில் இருபத்தாறு மாதங்களாக இருக்கிறேன். அம்மாவோடு வேறு வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டேன்; வாடகை என் பணம். பதினேழில் ஒன்பது பேருக்குக் கொடுத்து முடித்திருக்கிறேன். இன்னமும் தாமதமாகக் கிளம்பும் நாள்கள் உண்டு. கதை மட்டும் கட்டுவதில்லை. போன மாதம் அவரிடம், திருமணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். அவர் ஒரு வேடிக்கை சொன்னார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு அதே கேள்வியை மறுபடியும் கேட்டேன். "யோசிக்க வேண்டும்" என்றார். யோசித்துக்கொண்டிருக்கிறார்.