இரவு ஒரு மணிக்கு விழித்திருக்கும் மாணவன்

வாசகர் கேள்வி: கோத்தகிரிக்கு அருகே ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். மாணவர்களோடு நெருங்கிப் பழகுவதற்காகவே இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கி, அவர்கள் பார்க்கும் ரீல்ஸையும் மீம்களையும் பார்த்து, அவர்கள் பேச்சிலேயே பாடம் நடத்துகிறேன். பிள்ளைகள் நன்றாக ஒட்டிக்கொண்டார்கள். இரவு ஒரு மணிக்கு ஸ்டோரி போடும் ஒரு பையனுக்குக்கூட, அவன் தனித்துப் போய்விடக் கூடாதே என்று ஹார்ட் போடுகிறேன். பெற்றோர் போன் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயன் வீட்டில் பாட்டியோடு இருக்கிறான். முதல் பீரியடில் தூங்கினாலும் நான் எழுப்புவதில்லை. மூத்த ஆசிரியர்களோ, “இதெல்லாம் வாத்தியார் வேலையா?” என்று கேலி செய்கிறார்கள். தொடரலாமா, விட்டுவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்: தொடரலாமா என்று கேட்டு ஆசிரியர்கள் பலர் எனக்கு எழுதிவிட்டார்கள்; அதற்குப் பிறகு வருகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிச் சென்ற அந்தப் பையனைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

பெற்றோர் மலையிறங்கிப் போய்விட்டார்கள், பாட்டி உறங்கிவிட்டார் என்றால், அந்த நேரத்தில் அவன் விழித்திருப்பதை அறிந்த பெரியவர் நீங்கள் ஒருவர்தான். அறிந்து என்ன செய்தீர்கள்? ஒரு ஹார்ட் போட்டீர்கள். காலையில் அதே பையன் மேசையில் தலை சாய்த்துக் கிடப்பதைப் பார்த்தும் பேசாமல் இருக்கிறீர்கள். இரவில் கண்டதையும் காலையில் கண்டதையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாதவர் அல்லர் நீங்கள். சேர்த்துப் பார்த்தால் அவன் வீட்டுப் படியேற வேண்டிவரும். “மிஸ் மாட்டிவிட்டுட்டாங்க” என்று அவன் மனம் கோணும். மற்ற பிள்ளைகளும் விலகுவார்கள். அவர்களுக்குப் பிடித்தமானவராக இருப்பது, அவன் நலத்தைவிட உங்களுக்குப் பெரிதாகிவிட்டது.

13 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பள்ளிக்குப் பஸ் பிடிக்க ஆறு மணிக்கு எழும் பையன் ஒரு மணிக்குப் படுத்தால், ஐந்து மணி நேரம்கூட உறங்கியிருக்க மாட்டான். 2024-ல் இன்ஸ்டாகிராம் பதின்பருவத்தினருக்கென அறிவித்த கணக்குகளில், இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அறிவிப்புகள் ஒலிக்காதபடி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பிள்ளைகள் கண்ணெடுக்காமல் பார்த்தால்தான் தனக்கு வருமானம் என்றிருக்கும் நிறுவனமே அந்நேரத்தில் அவர்களை உறங்க விடச் சொல்கிறது. அவன் ஆசிரியையாகிய நீங்களோ அவன் விழித்திருப்பதைப் பாராட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்நேரத்தில் நீங்கள் ஏன் விழித்திருக்கிறீர்கள் என்பதையும் உங்கள் வீட்டாரை எண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரியரும் மாணவரும் நள்ளிரவில், பெற்றோர் அறியாமல், எந்த வழியிலும் தொடர்புகொள்ளக் கூடாது; நோக்கம் எவ்வளவு தூயதாக இருந்தாலும் கூடாது. நாளை தீய எண்ணமுள்ள வேறொரு பெரியவர் அதே நேரத்தில் அதே ஹார்ட்டை அனுப்பும்போது, இது இயல்புதானே என்று அந்தப் பையன் நம்பினால், அப்படி நம்பப் பழக்கியவர் நீங்களாக இருப்பீர்கள்.

இனி உங்கள் கேள்வி. பிள்ளைகளின் உலகத்தைத் தெரிந்துகொள்வதில் குற்றமில்லை. ஒரு குறளுக்கு மீம் செய்துவரச் சொல்லி வகுப்பில் காட்டுங்கள், நன்றாகவே இருக்கும். ஆனால் 2020 ஜூனில் டிக்டாக் தடைசெய்யப்பட்டபின் அவர்கள் ரீல்ஸுக்கு மாறியதைப் போல, நாளை வேறிடத்துக்கும் மாறுவார்கள். போகுமிடமெல்லாம் பின்னால் போய்க்கொண்டிருப்பது ஆசிரியர் தொழில் அன்று. மாணவர்களின் கணக்குகளைப் பின்தொடர்வதை, காரணத்தை வகுப்பிலேயே சொல்லிவிட்டு நிறுத்துங்கள். முதல் பீரியடில் தூங்குபவனை எழுப்பி, முகம் கழுவி வரச் சொல்லுங்கள். உங்களைக் கேலி செய்யும் மூத்த ஆசிரியர்களின் பக்கமும் நான் இல்லை. அவன் தூங்குவதைத் தத்தம் பீரியடில் அவர்களும் கண்டிருப்பார்கள், அவர்களில் ஒருவரும் அவன் வீட்டுக்குப் போனதாக நீங்கள் எழுதவில்லை.

நீங்கள் போங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை, இன்னோர் ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு போங்கள். போனைப் பற்றிய புகாரோடு தொடங்காமல், பையன் இரவில் எப்போது சாப்பிடுகிறான், எங்கே படுக்கிறான், தூக்கத்தில் திடுக்கிட்டு எழுகிறானா என்று பாட்டியிடம் கேளுங்கள். போன் சார்ஜ் ஏறும் இடம் அவன் தலைமாட்டிலா என்று பாருங்கள். ஒன்பது மணிக்குமேல் அது பாட்டியின் கைக்கு வர வேண்டும். வீட்டில் அவனுக்கு அடி உதையோ வேறு கொடுமையோ இருப்பதாகத் தெரிந்தால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லத் தயங்காதீர்கள்.

பெற்றோர் வயிற்றுப்பாட்டுக்காகத்தான் திருப்பூருக்குப் போனார்கள் என்பதும், தேயிலைத் தோட்டக் கூலியில் குடும்பம் நடத்துவது எவ்வளவு சிரமம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்பதாம் வகுப்புப் பையனை முதியவரின் பொறுப்பில் விட்டு, தங்கள் இடத்தில் ஒரு போனை வைத்துவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியாது. தாய் தந்தையரில் ஒருவர் அவனோடு இருக்க வேண்டும், அல்லது அவன் அவர்களோடு இருக்க வேண்டும். அதை அவர்களிடம் சொல்லும் உரிமை அவன் ஆசிரியைக்கு உண்டு. அன்றைக்கே, பாட்டியையும் அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திருப்பூருக்குப் போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் ஷிப்ட் முடியும் நேரம் கேட்டறிந்து மறுபடியும் செய்யுங்கள்.