ஆய்வுச்சுருக்கம்: பணம் வேண்டாம், பெயர் சரியாக வேண்டும்

கேள்வி: சேலத்தில் ஒரு கலைக் கல்லூரியில் தமிழ்த்துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஏற்காட்டு மலையாளி மக்களின் பேச்சு பற்றிய என் கட்டுரை ஓர் ஆய்விதழில் வந்திருக்கிறது. அதன் சுருக்கத்தை உலக மொழியியல் ஆய்வடைவுகளில் சேர்த்துத் தருவதாக ஒரு டி.டி.பி. சென்டரில் 4,500 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா, நானே அனுப்பலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூட வேண்டாம். அவர்கள் விற்பதாகச் சொல்லும் பொருள் அவர்கள் கையில் இல்லை.

ஆய்வடைவு என்பது ஒரு பட்டியல். கட்டுரைத் தலைப்பு, எழுதியவர், இதழ், பக்கம், எந்த மொழியைப் பற்றியது, சிலவற்றில் கூடவே சுருக்கம், அவ்வளவுதான் அதில் இருக்கும். தேடுகிறவர் கண்ணில் கட்டுரை படுவதற்காக உள்ள ஏற்பாடு அது. தகுதிச் சான்றாக அதை மாற்றியது நம் கல்லூரிகளின் மதிப்பெண் கணக்கு. படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்ப வேண்டும் என்ற பதற்றத்தில்தான் தரகர் பிழைக்கிறார்.

மொழியியலில் நிலைத்து நிற்கும் பெரிய அடைவுகள் சிலதான்: அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் (எம்.எல்.ஏ.) நடத்தும் சர்வதேச நூலடைவு, பிரில் பதிப்பகத்தின் லிங்விஸ்டிக் பிப்ளியாகிராஃபி, எல்.எல்.பி.ஏ. என்ற மொழியியல் ஆய்வுச் சுருக்கங்களின் தொகுப்பு. இவை பெரும்பாலும் இதழ்களிலிருந்து தாமே எடுத்துக்கொள்கின்றன. உங்கள் இதழ் அவர்கள் பார்க்கும் வரிசையில் இருந்தால் கட்டுரை தானாகப் போய்ச் சேரும். இல்லையென்றால் இதழாசிரியரிடம் கேளுங்கள். மேற்கோள்களையும் கணக்கிடும் ஸ்கோபஸ் என்ற அடைவு இன்னும் கறார். அங்கே இதழைத்தான் சேர்ப்பார்கள். தனிக் கட்டுரையைச் சேர்த்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் பொய்.

நீங்களே பதிவு செய்யக்கூடிய இடங்களும் உண்டு. முனைவர் பட்டம் முடித்தவர் தன் ஆய்வேட்டின் சுருக்கத்தை மொழியியலாளர்களுக்கான இணையத்தளமான லிங்விஸ்ட் லிஸ்டில் தானே போடலாம். முழு ஆய்வேடு, இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவுக்குப் பல்கலைக்கழகம் வழியாகத்தான் போகும். உங்களுடையது இதழ்க் கட்டுரை என்பதால் ஜெனோடோ போதும். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் களஞ்சியம் அது, கட்டணம் கிடையாது. அச்சான பக்கத்தையே ஏற்றாமல், இதழ் அனுமதித்தால் உங்கள் கைப்படியை, அதாவது இதழுக்கு நீங்கள் அனுப்பிய வடிவத்தை ஏற்றுங்கள். ஏற்றும்போது ஏற்கெனவே டி.ஓ.ஐ. எண், அதாவது கட்டுரைக்கான நிலையான இணைய அடையாளம் உண்டா என்று கேட்கும். இதழ் தந்த எண் இருந்தால் அதையே கொடுங்கள். இல்லை என்று சொல்லிவிட்டால் புதிதாக ஒன்று தரும். பிறகு ஒரே கட்டுரை இரண்டாக உலவும், மேற்கோள்களும் இரண்டாகப் பிரியும். வெளியிட்டுக் கொஞ்ச காலம் கடந்துவிட்டால் கோப்பை நீங்களாக நீக்க முடியாது, விவரங்களை மட்டும் திருத்தலாம். ஆகவே வெளியிடும் பொத்தானை அழுத்துமுன் ஒரு நாள் ஆறப்போட்டுப் படியுங்கள்.

காசு வாங்குகிறவர் என்னதான் செய்கிறார்? பெரும்பாலும் யாருக்கும் தெரியாத ஓர் இணையப் பக்கத்தில் உங்கள் சுருக்கத்தை ஒட்டி, கில்ட் பார்டர் போட்ட சான்றிதழ் ஒன்றை அடித்துத் தருகிறார். ஐ.எஸ்.எஸ்.என். இருக்கிறது என்று காட்டுவார். அது இதழுக்கு ஒரு வரிசை எண், தரத்துக்குச் சான்று அல்ல. இந்தியாவில் அதை இலவசமாகவே தருகிறார்கள். யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்ற பட்டியல் என்பார். யு.ஜி.சி. கேர் என்ற தன் தரமான இதழ்களின் பட்டியலையே 2025-இல் கைவிட்டுவிட்டது. பட்டியல் போடுவதும், நம்பி எழுதியவர்களை நடுவழியில் விட்டுவிட்டு அதை எடுப்பதும் என்று மேலே ஆடிக்கொண்டிருந்தால், கீழே தரகர்கள் பெருகத்தான் செய்வார்கள்.

இன்னொரு பொறி பலர் கண்ணில் படுவதில்லை. கணக்குத் தொடங்கும்போது சென்டர்க்காரர் தன் மின்னஞ்சலையே கொடுத்துவிடுவார். கடவுச்சொல் அவரிடம், உறுதிப்படுத்தும் மடலும் அவருக்கே. ஆறு மாதம் கழித்து ஒரு பிழையைத் திருத்த வேண்டுமென்றால் மறுபடி அவர் கடை வாசலில் போய் நிற்க வேண்டும். தட்டச்சுக்கு மட்டும் காசு கொடுங்கள். கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைப்பேசியில் இருக்கட்டும்.

பணம் கேட்டாலே மோசடியா என்றால், ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைக் காட்டித்தான் ஏமாற்றுகிறார்கள் என்பதால் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் சில நல்ல இதழ்கள் ஆசிரியரிடம் வெளியீட்டுக் கட்டணம் வாங்குகின்றன. அது முழுக் கட்டுரைக்கு, சுருக்கத்துக்கு அல்ல. மதிப்பாய்வு முடிந்து கட்டுரையை ஏற்றுக்கொண்ட பிறகே கேட்பார்கள். தொகையை இதழின் சொந்தப் பக்கத்தில் முன்கூட்டியே போட்டிருப்பார்கள். வசதியில்லாதவர் தள்ளுபடி கேட்கவும் பல இதழ்களில் வழி உண்டு. இதழின் பெயரில் ரசீது வரும். கட்டுரை படிக்கப்படுவதற்கு முன்பே காசு, தனியாள் ஜிபே எண்ணுக்குக் காசு, மூன்று நாளில் ஏற்பு என்று வந்தால் அது இந்த விலக்கில் சேராது. உங்கள் கட்டுரை ஏற்கெனவே வெளிவந்துவிட்டது. ஆகவே இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

இனி சுருக்கம். 200 சொல் வைத்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியத்தில் தொடங்காதீர்கள். இப்பேச்சின் ஒலியமைப்பு ஆராயப்படுகிறது என்று முடிக்கவும் செய்யாதீர்கள். ஆராய்ந்து என்ன கண்டீர்கள் என்பதுதான் வேண்டும். மழை என்பதை மளை என்று சொல்கிறவர்கள் யார், எந்த வயதினர், எத்தனை பேரிடம் எத்தனை மணி நேரம் பதிவு செய்தீர்கள் என்பதற்கு இரண்டு வரி ஒதுக்கினால், படிக்கிறவர் முழுக் கட்டுரையைத் தேடுவார். பேசியவர்களின் பெயரைச் சுருக்கத்தில் போடக் கூடாது. ஊரின் பெயர் போதும்.

உங்கள் கட்டுரைக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிய கவலை. ஏற்காட்டு மலையாளி என்றால் மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்று சேலத்துக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. அடைவில் பதிவு செய்பவர் எங்கோ உட்கார்ந்திருக்கிறார். மலையாளி என்ற சொல்லைக் கண்டதும் மொழி என்ற கட்டத்தில் மலையாளம் என்று போட்டுவிட அவருக்கு ஒரு நொடி போதும். அதன்பிறகு தமிழ்க் கிளைமொழிகளைத் தேடுகிறவருக்கு உங்கள் கட்டுரை கிடைக்காது. மலையாளத்தைத் தேடுகிறவர் திறந்து பார்த்து மூடிவிடுவார். இத்தனைக்கும் பட்டியல் பழங்குடியாக அரசு ஏற்ற மக்கள் அவர்கள், பேசுவது தமிழின் ஒரு வகை. ஆகவே முதல் வரியிலேயே எழுதுங்கள்: தமிழ்நாட்டில் சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசும் தமிழ்க் கிளைமொழி, கேரளத்து மலையாளம் அல்ல. மொழிக் குறியீடு கேட்கும் இடத்தில், மொழிகளுக்கான சர்வதேசக் குறியீட்டு முறையான ஐ.எஸ்.ஓ. 639-3-இன்படி தமிழுக்கு டி.ஏ.எம். என்ற மூன்றெழுத்து. எம்.ஏ.எல். என்பது மலையாளம். திறவுச்சொற்களில் ஷெவராய் என்ற ஆங்கில வழக்கு, சேர்வராயன், ஏற்காடு மூன்றையும் போடுங்கள், எந்தப் பெயரில் தேடினாலும் வந்து நிற்கும்.

உங்கள் பெயரையும் அப்படியே பாருங்கள். நமக்கு இனிஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. படிவமோ கடைசிப் பெயர் இல்லாமல் நகராது. ஒரு தடவை அங்கே அப்பா பெயர், ஒரு தடவை வெறும் எஸ், ஒரு தடவை ஒரு புள்ளி என்று போட்டால் அடைவில் மூன்று பேர் ஆகிவிடுவீர்கள். ஒரு வடிவத்தை முடிவு செய்து இதழ், ஜெனோடோ, ஆர்கிட் எல்லாவற்றிலும் அதையே கொடுங்கள். ஆர்கிட் என்பது ஆய்வாளருக்கான 16 இலக்க எண், இலவசம். பழைய வடிவங்களைப் பிற பெயர்கள் என்று அதில் சேர்த்துவிடலாம்.

கடைசியில் எழுத்துரு. டி.டி.பி. சென்டரில் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த கோப்பை அப்படியே ஒட்டினால், தமிழ் என்ற சொல் அங்கே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். ஒட்டுமுன் நோட்பேடில் போட்டுப் பாருங்கள். அங்கே தமிழாகத் தெரிந்தால் அது யூனிகோடு, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை. யூனிகோடிலும் ஒரு பிழை உண்டு: சௌராஷ்டிரம் என்பதைச் செ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். சேலத்தில் சௌராஷ்டிர மொழியை ஆய்வு செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ழ, ள, ற ஆகியவற்றுக்கு ஒலிக்குறி எழுத டூலோஸ் எஸ்.ஐ.எல். எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் சுருக்கத்தில் ஒலிக்குறிகளை இரண்டு மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள், பல தளங்கள் அவற்றைக் கட்டங்களாக மாற்றிவிடும்.

பதிவு வெளிவந்ததும் உங்கள் பெயர், தலைப்பு, மொழி மூன்றையும் வைத்து ஒரு முறை தேடிப் பாருங்கள். ஏதாவது அடைவில் மலையாளம் என்று விழுந்திருந்தால், அந்தப் பதிவின் இணைப்பு, தவறான சொல், சரியான சொல் மூன்றையும் ஒரே சிறு மடலில் எழுதி அந்த அடைவின் தொடர்பு முகவரிக்கே அனுப்புங்கள், படியை இதழாசிரியருக்கும் போடுங்கள்.