வேலையும் வீடும் சேர்ந்து அமுக்கினால் என்ன செய்வது?

கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலை வேலை, இரண்டு பெடியன்கள், கிழமைக்குக் கிழமை நுண்கடன், மூச்சுவிடவே நேரமில்லை என்று கேட்டிருக்கிறீர்கள், தங்கச்சி.

முதலில் சாப்பாடு. விடியமுன் எழும்பி, பிள்ளைகளுக்குப் புட்டு அவித்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, வெறும் தேத்தண்ணியோடு பஸ் ஏறுகிற பெண்கள் வன்னியில் ஏராளம். அந்தப் புட்டில் உங்களுக்கும் ஒரு பங்கு வையுங்கள். தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். சாப்பாட்டோடு குடித்தால் உடம்பில் இரும்புச்சத்து சேர்வது குறையும். எந்நேரமும் களைப்பென்றால் அரச ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்துப் பாருங்கள். சோம்பல் என்று நம்மை நாமே திட்டுவது சிலநேரம் இரத்தச்சோகையாக இருக்கும்.

அப்புறம், தண்ணி அள்ளுவதை மூத்தவனிடம் விடுங்கள். ஆம்பிளைப் பிள்ளை செய்யக்கூடாத வேலை இல்லை அது.

நித்திரையில்லாமல் அழுகை வந்துகொண்டே இருந்தால் 1926-க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், தமிழிலும் பேசலாம்.