வாசகர் கேள்வி–பதில்: டெர்ரி பிராட்செட் நினைவுக்கூட்டம் நடத்துவது எப்படி?

கேள்வி: ஆங்கில நகைச்சுவைக் கற்பனை நாவலாசிரியர் டெர்ரி பிராட்செட் நினைவாக எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு மாலைக் கூட்டம் நடத்த ஆசை. தமிழ் பேசுகிறவர்களும் மலையாளம் பேசுகிறவர்களும் வருவார்கள். பாதிப் பேர் அவரைப் படித்ததில்லை. என்றைக்கு வைக்கலாம், என்ன செய்யலாம்?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: அவர் மறைந்தது 2015 மார்ச் 12. ஆனால் மார்ச், எல்லைக்கு இரண்டு பக்கமும் பரீட்சைக் காலம். மே 25 வைத்துக்கொள்ளுங்கள். 2002இல் வந்த ‘நைட் வாட்ச்’ நாவலில், ஒரு கலகத்தில் செத்துப்போன தோழர்களுக்காக மிச்சமிருப்பவர்கள் அந்த நாளில் லைலாக் என்ற இளஊதாப் பூவை அணிவார்கள். தமக்கு அல்சைமர் என்ற மறதி நோய் வந்திருப்பதை 2007 டிசம்பரில் அவர் சொன்ன பிறகு, வாசகர்களும் அவருக்காக அந்தப் பூவை அணியத் தொடங்கினார்கள். லைலாக்குக்குக் கடும் குளிர்காலம் வேண்டும், நம் பக்கம் பூக்காது. தோவாளைச் சந்தையில் வாடாமல்லி வாங்கி, மூன்று பூவை நூலில் கட்டி ஊக்கில் செருகினால் போதும். நிறம் ஏறக்குறைய ஒத்துவரும், கூட்டம் முடியும்வரை வதங்காது.

வாழ்க்கை வரலாறு பேச ஒருவருக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். மீதி நேரம் முழுக்க அவர் எழுத்தை வாய்விட்டுப் படியுங்கள். படிக்காதவர்களை அவர் பக்கம் இழுக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஒரு பகுதி எட்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். முதலில் ‘மென் அட் ஆர்ம்ஸ்’ நாவலின் பூட்ஸ் கணக்கு: ஐம்பது டாலர் பூட்ஸ் வருஷக்கணக்கில் உழைக்கும், அதை வாங்க வழியில்லாத ஏழை, பத்து டாலர் பூட்ஸ் வாங்கி வாங்கி நூறு டாலர் செலவழித்த பிறகும் கால் நனைந்துதான் நடக்கிறான். முன்கதை எதுவும் தெரியாமலே இது யாருக்கும் புரியும். ஆங்கிலத்தில் படித்துவிட்டு, சாரத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் இரண்டிரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். நகைச்சுவையை விளக்க ஆரம்பித்தால் சிரிப்பு போய்விடும்.

பெரும்பாலும் கெட்டுப்போவது இரண்டு இடத்தில். ஒன்று, அடிக்குறிப்புகள். அவருடைய நகைச்சுவையில் பாதி அங்கேதான் இருக்கிறது. ஒரே ஆள் ஒரே குரலில் படித்தால் கதை எது, குறிப்பு எது என்று கேட்பவர்களுக்குத் தெரியாது. அடிக்குறிப்புக்கென்று இன்னொருவரை எதிர்ப் பக்கம் உட்கார வையுங்கள். நட்சத்திரக் குறி வந்ததும் முதல் ஆள் நிறுத்த வேண்டும். குறிப்பு நீளமாக இருந்தால், விட்ட வாக்கியத்தை மறுபடி தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டும். சிரிப்பு அடங்கும்வரை காத்திருங்கள், இல்லாவிட்டால் அடுத்த வரி காதில் விழாது.

இரண்டாவது, மரணம். அவர் கதைகளில் மரணம் ஒரு பாத்திரம். வெள்ளைக் குதிரையில் வருவார், பூனை பிடிக்கும், வேலையில் கண்ணும் கருத்துமாக இருப்பார். நம் ஆட்கள் உடனே கூத்து எமனாக்கி உறுமிச் சிரித்துவிடுகிறார்கள். அது தப்பு. குரலைத் தாழ்த்தி, ஏற்ற இறக்கம் இல்லாமல், சொல் சொல்லாக நிதானமாகப் படிக்க வேண்டும். ஆங்கிலத்தில் மரணத்தின் பேச்சு மேற்கோள் குறி இல்லாமல் சிறிய தலைப்பெழுத்துகளில் (கேபிடல்) அச்சாகும். தமிழிலும் மலையாளத்திலும் தலைப்பெழுத்து இல்லை. மொழிபெயர்த்துத் துண்டுத்தாள் அடிக்கிறவர்கள் மேற்கோள் குறியை எடுத்துவிட்டுத் தடித்த எழுத்தில் போடலாம். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி மட்டும் கூட்டாதீர்கள். ‘கொ’வில் கொம்பும் காலும் தனித்தனியே நின்று, படிக்க முடியாமல் போகும்.

மே கடைசியில் மழையும் மின்தடையும் வரும். மைக்கை நம்பாமல் நாற்காலிகளை அரைவட்டமாகப் போடுங்கள்.

கேள்வி: இணையதளத்தில் கண்ணுக்குத் தெரியாமல் அவர் பெயரை வைக்கிறார்களாமே, எப்படி?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: 2004இல் வந்த ‘கோயிங் போஸ்டல்’ நாவலில், கோபுரம் கோபுரமாகச் செய்தி அனுப்பும் ‘க்ளாக்ஸ்’ என்ற அமைப்பு வருகிறது. அதில் வேலை பார்த்துச் செத்தவரின் பெயரை ‘ஜிஎன்யு’ என்ற குறியுடன் ஓடவிடுவார்கள். ஜி என்றால் அடுத்த கோபுரத்துக்கு அனுப்பு. என் என்றால் பதிவேட்டில் எழுதாதே. யு என்றால் கடைசிக் கோபுரத்தில் திருப்பி விடு. அப்படியானால் பெயர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பிராட்செட் மறைந்ததும் வாசகர்கள் இதையே இணைய சர்வர்களில் செய்தார்கள்.

பக்கத்தோடு சர்வர் கண்ணுக்குத் தெரியாமல் அனுப்பும் தலைப்பு வரியில் (ஹெடர்) இதைச் சேர்க்க வேண்டும். அதன் பெயர் ‘எக்ஸ்-க்ளாக்ஸ்-ஓவர்ஹெட்’ (X-Clacks-Overhead), மதிப்பு ‘ஜிஎன்யு டெர்ரி பிராட்செட்’ (GNU Terry Pratchett). இரண்டையும் ஆங்கில எழுத்தில்தான் இட வேண்டும். அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில் எச்டிஅக்சஸ் (.htaccess) கோப்பில் ‘ஹெடர் செட்’ கட்டளை. மதிப்பில் இடைவெளி இருப்பதால் இரட்டை மேற்கோள் கட்டாயம். ஹெடர்ஸ் மாட்யூல் இயங்காவிட்டால் தளமே 500 பிழை காட்டும், அதனால் கட்டளையை ‘இஃப்மாட்யூல்’ தொகுதிக்குள் வையுங்கள். என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு சர்வர் மென்பொருளில் ‘ஆட்_ஹெடர்’ (add_header). உள் தொகுதியில் வேறொரு ‘ஆட்_ஹெடர்’ இருந்தால் வெளியே எழுதியது அங்கே செல்லாது, உள்ளேயும் ஒருமுறை எழுதுங்கள். பிளாகரில் சர்வர் நம் கையில் இல்லை. டெம்ப்ளேட்டின் ஹெட் பகுதியில் மெட்டா டேக்காகச் சேர்க்கலாம். சர்வரில் சேர்த்தவர்கள் பிரவுசரில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அவருக்கு வந்தது கண் நோயா, மூளை நோயா?
– வாசகர், நகரி

பதில்: மூளை நோய். அல்சைமரின் அரிய வகை, மூளையின் பின்பகுதியைத் தாக்கும். கண் சரியாக இருக்கும். கண்டதை மூளையால் சேர்த்துப் புரிந்துகொள்ள முடியாது. அவருக்குத் தட்டச்சு கைவிட்டுப்போனது, ஆனாலும் வாயால் சொல்லிச் சொல்லி நாவல்கள் எழுதினார். கண்ணாடி மாற்றியும் வரி தொலைகிறது, பொருள் எங்கே இருக்கிறது என்று கை தடுமாறுகிறது என்றால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பாதியில் நின்ற கதைகள் வெளிவருமா? எதில் தொடங்கிப் படிக்கலாம்?
– வாசகி, செங்கோட்டை

பதில்: வராது. அவர் விருப்பப்படியே, அவை இருந்த ஹார்ட் டிஸ்க்கை 2017 ஆகஸ்ட் 25 அன்று இங்கிலாந்தின் டார்செட்டில் ஒரு நீராவி ரோலரை ஏற்றி நசுக்கிவிட்டார்கள். அவருடைய கற்பனை உலகக் கதைகளான டிஸ்க்வேர்ல்ட் வரிசையில் மொத்தம் 41 நாவல்கள். முதல் நாவல் 1983இல் வந்தது, அதில் தொடங்க வேண்டாம். அவர் கை இன்னும் பழகாத காலம். ‘மார்ட்’ அல்லது ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ எடுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘த வீ ஃப்ரீ மென்’. கடைசி நாவலான ‘த ஷெப்பர்ட்ஸ் க்ரவுன்’, டிஃபனி என்ற பெண்ணின் ஐந்தாவது கதை. முந்தைய நான்கையும் முடித்த பிறகே அதைத் தொடுங்கள்.